பட்டுச்சேலையை வெட்டி பிரேம் போடலாமா?

தோபாயோ_வாணி:
அம்மா நாலறை வீட்டிலிருந்து ஈரறை வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக்கு மாறுறாங்க. காஞ்சிப் பட்டு எல்லாத்தையும் வைக்க இடமில்லை. முந்தானைகளை வெட்டி பிரேம் போட்டுட்டு மீதியைக் கொடுத்துடலாமா? பழைய கல்யாண மாலையையும் ரெசினில் (ஊற்றினா கண்ணாடி மாதிரி இறுகுற பிசின்) பதிச்சு வைக்க ஆசை.

கத்தரி_ராணி:
தாராளமா செய்யுங்க, ஆனா பசை வேண்டாம். பசை சில வருஷத்தில் மஞ்சளாகி பட்டில் கறையா ஏறும். வேண்டிய அளவை விட நாலு பக்கமும் 5 செ.மீ. கூடுதலா விட்டு, வெட்டுற கோட்டுக்கு உள்பக்கம் இரண்டு வரி மிஷின் தையல் போட்டுட்டு அப்புறம் கத்தரி வைங்க. இல்லாட்டி நூல் பிரியும். அமிலமில்லாத அட்டை மேல், கஞ்சி போகத் துவைத்த காட்டன் துணியை இழுத்துக் கட்டி, அதில் பட்டை மெல்லிய நூலால் 1 செ.மீ. இடைவெளியில் தைங்க. கண்ணாடி துணியைத் தொடக்கூடாது. நடுவில் 6 மி.மீ. இடைவெளிச் சட்டம் கேளுங்க. தொட்டா நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் நிச்சயம்.

நெசவுப்பித்தன்:
முறை சரிதான் அக்கா, முடிவுதான் தப்பு. அஞ்சரை மீட்டரில் முந்தானையை எடுத்துட்டா மீதியை யார் கட்டுவாங்க? அதைக் கொடுக்கிறதுன்னு சொல்றது வெறும் சமாதானம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி ஊடையால், அதாவது குறுக்கு நூலால், நெய்து பிணைச்சது. அந்த இணைப்பின் குறுக்கே வெட்டினா முதலில் விடுறது அங்கேதான். முழுசா, கட்டுற ஆளுக்குக் கொடுங்க. நினைவுக்கு நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து பிரிண்ட் போட்டுக்கலாம்.

கத்தரி_ராணி:
படத்தில் சரிகை மின்னாது, தம்பி. அதோட எல்லாம் கட்டுற நிலையில் இருக்குன்னு யார் சொன்னது? மடிப்பு ஓரத்தை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க வாணி. ஊசிப்புள்ளியா வெளிச்சம் வந்தா அது தோளில் ஏறினதும் கிழியும். வருஷக்கணக்கா ஒரே மடிப்பில் கிடந்த பட்டுக்கு அதுதான் கதி. அந்தச் சேலைகளைக் கொடுத்தா வாங்கினவங்க குப்பையில்தான் போடுவாங்க.

நெசவுப்பித்தன்:
கிழியுறதை வெட்டுங்க, அதில் சண்டையில்லை. நல்லதைத் தொடாதீங்க. வெளிச்சம் பட்டு வெளுத்த சாயம் திரும்ப வராது. புற ஊதா தடுக்கிற அக்ரிலிக் போட்டாலும் சாதாரண வெளிச்சமே மெதுவா வேலையைக் காட்டும். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், குளியலறைச் சுவர் இரண்டும் வேண்டாம். பிரேமின் கீழ் மூலைகளில் ஃபெல்ட் பொட்டு ஒட்டினா சுவருக்கும் அதுக்கும் நடுவில் காற்று போகும். அலமாரியில் நாப்தலின் உருண்டை இருந்தா இன்னைக்கே எடுங்க, சரிகை கறுத்துடும்.

பிசின்_பாண்டி:
மாலையைப் பத்தி யாரும் பேசலையே. மல்லிகை ஈரத்தோட ரெசினில் போனா உள்ளேயே பழுப்பாகும், சுத்தி குமிழியும் வரும். புது மாலைன்னா ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லில் முழுசா புதைச்சு, மூடின டப்பாவில் ஒரு வாரமாவது வைக்கணும். காஞ்ச பிறகும் வெள்ளை வெள்ளையா நிக்காது. உங்களோடது ஏற்கெனவே சருகானது, தொட்டா உதிரும். ஒரே தடவையில் தடிமனா ஊற்றினா சூடேறி வெடிப்பு விழும். அரை செ.மீ. அடுக்கா ஊற்றி, ஒண்ணு இறுகின பிறகு அடுத்தது. மழைநாளில் வேலை வேண்டாம், ஈரக்காற்றில் மேலே பிசுபிசுன்னு ஒரு படலம் கட்டும்.

நெசவுப்பித்தன்:
ரெசினில் போனது திரும்ப வெளியே வராது, அதையும் சொல்லிடுங்க பாண்டி அண்ணே. தையலையாவது பிரிக்கலாம்.

பிசின்_பாண்டி:
உண்மைதான். நாலு பூ மட்டும் ஊற்றுங்க. மீதி மாலையைக் கண்ணாடி முன்பக்கம் வைத்த ஆழமான பெட்டியில் சிலிக்கா பாக்கெட்டோட வைங்க. பாக்கெட்டின் நிறம் மாறினதும் மாத்தணும்.

தோபாயோ_வாணி:
நாலு சேலையில் மடிப்பு ஓரம் வெளிச்சம் காட்டுது. அரக்கு ஒண்ணுக்குக் கரை மட்டும் நல்லா இருக்கு. கரையை மட்டும் எடுக்கலாமா?

கத்தரி_ராணி:
எடுக்கலாம். இணைப்புக்கு இரண்டு விரல் உடல்பக்கம் தள்ளி வெட்டுங்க. இஸ்திரி போடாதீங்க, போலிச் சரிகைன்னா சூட்டில் சுருண்டுடும்.