டூரிங் பைக்கில் கிளட்ச் ஸ்லிப்: பிளேட் மாற்றும் முன் காரணத்தை உறுதி செய்வது எப்படி?

கேள்வி (சேலத்திலிருந்து)

வணக்கம். என்னுடையது ஏறத்தாழ 400 சிசி திறனுள்ள ஒற்றை சிலிண்டர் டூரிங் பைக், கேபிள் கிளட்ச். 30,000 கிலோமீட்டரைத் தாண்டியும் கிளட்ச் பிளேட் இன்னும் மாற்றப்படவில்லை. சில வாரங்களாக, தருமபுரி செல்லும் வழியில் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரியை முந்துவதற்காக டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாகத் திருகினால், ஆர்பிஎம் சட்டென்று எகிறுகிறது, வேகமோ கூடுவதில்லை. கையைச் சற்றுத் தளர்த்தியதும் வண்டி மீண்டும் பிடித்துக்கொள்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் இந்தத் தொல்லை தெரிவதில்லை. பின்னால் ஆளும் இரு பக்கப் பெட்டிகளில் சுமையும் இருந்தால் அதிகமாகிறது.

அண்மையில் வண்டியில் இரண்டு வேலைகள் நடந்தன. உயரமான ஹேண்டில்பார் வேண்டும் என்று ரைசர் பொருத்தினேன். பிறகு ஒரு பயணத்தின் நடுவே, வழியில் கிடைத்த கடையில் எஞ்சின் ஆயில் மாற்றினேன். இப்போது கிளட்ச் லிவரை ஏறக்குறைய முழுவதும் விட்ட பிறகுதான் வண்டி நகரத் தொடங்குகிறது. பட்டறையில் காட்டியபோது, வண்டியை ஓட்டிப் பார்க்காமலேயே கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். செலவு செய்யத் தயங்கவில்லை. ஆனால் காரணம் பிளேட்தான் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (கோவையிலிருந்து, பட்டறை வைத்திருப்பவர்)

தம்பி, நீங்கள் விவரித்த அறிகுறி கிளட்ச் ஸ்லிப்பையே, அதாவது பிளேட்டுகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்குவதையே காட்டுகிறது. இருந்தாலும் செயின் ஸ்ப்ராக்கெட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல் தேய்ந்து செயின் தாவினால் கடகடவென்று சத்தமும் உதைப்பும் இருக்கும். கிளட்ச் வழுக்கும்போது சத்தமே இல்லாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறும்.

சந்தேகம் தீரக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரே கியரில் ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே கூடாது. சமதளத்தில், டாப் கியரில், மெதுவான ஆக்ஸிலரேட்டரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 4,800 ஆர்பிஎம் காட்டினால், 100 கிலோமீட்டருக்கு 6,000 காட்ட வேண்டும். ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டரில் அதே 80க்கு 5,500 காட்டுகிறது என்றால், இடையிலுள்ள 700 சுற்றுகள் கிளட்சுக்குள் வழுக்கி வெப்பமாகப் போகின்றன. இந்தச் சோதனையை லாரிகள் நெருக்கியடிக்கும் கணவாயில் செய்யாதீர்கள். வாகனங்கள் குறைந்த வேறொரு ஏற்றத்தில் செய்யுங்கள். எண்களைப் பின்னால் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும்.

நின்ற இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்து, மூன்றாம் கியர் போட்டுக் கிளட்சை விட்டு, எஞ்சின் அணைந்தால் கிளட்ச் நல்லது என்று பலர் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. ஐடிலிங்கில் எஞ்சின் தரும் முறுக்குவிசை மிகக் குறைவு. முக்கால் பங்கு தேய்ந்த கிளட்ச் கூட அதைத் தாங்கிவிடும். கீழ் கியர்களில் வேகம் சட்டென்று ஏறுவதால், எஞ்சின் விசையில் ஒரு பகுதி கிராங்கைச் சுழற்றி வேகப்படுத்துவதிலேயே செலவாகிறது. டாப் கியரிலோ ஏறக்குறைய முழு விசையும் தொடர்ந்து கிளட்ச் வழியாகத்தான் போக வேண்டும். அதனால்தான் நோய் அங்கே முதலில் வெளிப்படுகிறது.

உங்கள் வண்டியில் நான் முதலில் கை வைக்கும் இடம் கேபிள். லிவரின் நுனியில் பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை ப்ளே, அதாவது கேபிள் இறுகும் முன் லிவர் தளர்வாக அசையும் தூரம், இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த ப்ளே குறைந்துகொண்டே வரும். அது பூஜ்ஜியமாகிவிட்டால், நீங்கள் லிவரைத் தொடாமலேயே, பிளேட்டுகளை ஸ்பிரிங் விசையால் சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட்டைக் கேபிள் சிறிதளவு விலக்கி வைத்திருக்கும். ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் பிளேட்டுக்குக் கிடைக்காது. ரைசர் பொருத்தியபோது பழைய கேபிளையே விட்டிருந்தால் இதற்கு வாய்ப்பு மிக அதிகம். ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். அப்போது எஞ்சின் பக்கத்தில் கேபிள் மாட்டியிருக்கும் அந்தச் சிறிய கை துளி அசைந்தாலும் கேபிள் நீளம் போதவில்லை என்று பொருள். வண்டி குளிர்ந்திருக்கும்போதும் நன்றாகச் சூடான பிறகும் ப்ளேயைச் சரிபாருங்கள், ஏனெனில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

பதில் (மதுரையிலிருந்து)

அண்ணன் சொன்னதுடன் ஆயில் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து இயங்குவது. கார் எஞ்சினுக்கான பல ஆயில்களில் எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். எஞ்சினுக்கு நன்மை செய்யும் அதே பொருள், உராய்வை நம்பியே வேலை செய்யும் கிளட்ச் பிளேட்டுக்குப் பகையாகிவிடுகிறது. டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தரநிலை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்றிருந்தால் அது உராய்வு குறைந்த வகை. ஆயிலில் நனையும் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. 10டபிள்யூ-40 என்பது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்கிறது, கிளட்சுக்கு ஏற்றதா என்பதைச் சொல்வதில்லை. கடைகளில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஹேண்டிலை இடப்புறம் முழுவதும் திருப்பியபோது எஞ்சின் பக்கமுள்ள கை தெளிவாக அசைந்தது. நேராக வைத்திருந்தபோதும் லிவரில் ப்ளே இல்லை. ரைசருக்கு ஏற்ற நீளமான கேபிள் போட்டு ப்ளே வைத்ததும் பெருமளவு சரியாகிவிட்டது. ஆயில் டப்பாவின் படத்தைத் தேடிப் பார்த்தேன். அதில் ஜாசோ முத்திரையே இல்லை. எம்ஏ2 ஆயிலும் புதிய ஃபில்டரும் போட்டு ஓட்டியதில் இன்னும் குறைந்தது. ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சுமையுடன் ஏற்றத்தில், 80க்கு 4,800க்குப் பதிலாக 5,000க்கு மேல் காட்டுகிறது. இனி திறந்து பார்க்கத்தான் வேண்டுமா?

பதில் (கோவையிலிருந்து, பட்டறை வைத்திருப்பவர்)

ஆம், இனித் திறப்பதே முறை. கேபிள் இழுத்துப் பிடித்திருந்த நாட்களில் பிளேட் வழுக்கி வழுக்கிச் சூடேறியிருக்கும். அதில் சேதம் ஏற்பட்டிருந்தால் ஆயிலால் அது திரும்பாது. உங்கள் வண்டியில் கிளட்ச் கவர் வலப்புறம் இருந்தால், வண்டியைச் சைடு ஸ்டாண்டில் இடப்புறம் நன்றாகச் சாய்த்து நிறுத்திப் பின் திறவுங்கள். இப்போதுதான் ஊற்றிய ஆயிலை வடிக்க வேண்டியிருக்காது. கவர் கேஸ்கெட் புதிதாக ஒன்று கையில் இருக்கட்டும். பிளேட்டுகளை வெளியே எடுக்கும் வரிசையிலேயே அடுக்கி வையுங்கள்.

ஃப்ரிக்‌ஷன் பிளேட் (உராய்வுப் பொருள் ஒட்டியது) ஒவ்வொன்றையும் வெர்னியரால் பல இடங்களில் அளக்க வேண்டும். கையேட்டில் கொடுத்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே ஒன்று போயிருந்தாலும் செட்டாக மாற்றுவதே நல்லது. தடிமன் இருந்தும், மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்துக் கருகிய வாடை அடித்தால் அதுவும் பயன்படாது. பலர் விட்டுவிடுவது ஸ்டீல் பிளேட்டை. நீலம் பாய்ந்திருந்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. ஒரு தடித்த கண்ணாடியின் மேல் வைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். வளைந்த ஸ்டீல் பிளேட்டுடன் புதிய ஃப்ரிக்‌ஷன் பிளேட்டைச் சேர்த்தால் புதியதும் விரைவில் கெட்டுவிடும். பிறகு ஸ்பிரிங்குகளை அழுத்தாத நிலையில் நீளம் அளந்து, எல்லாம் ஒரே அளவா என்று ஒப்பிடுங்கள். ஹவுசிங் (பிளேட்டுகள் அமரும் கூடை) விரல்களில் பள்ளம் விழுந்திருந்தால் அது கிளட்ச் சரியாக விடாமல் இழுப்பதற்குக் காரணமாகும். ஸ்லிப்புடன் அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புதிய பிளேட்டை எஞ்சின் ஆயிலில் ஓர் இரவு ஊறவைத்த பிறகே போடுங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகள் சிறியவை, எளிதில் முறிபவை. டார்க் ரெஞ்ச் கொண்டு, குறுக்கும் நெடுக்குமாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். முடிந்ததும் ப்ளேயை மீண்டும் புதிதாக வைக்க வேண்டும், பழைய அமைப்பு இனிப் பொருந்தாது.

பதில் (திருச்சியிலிருந்து)

இதே தொல்லையுடன் வருபவர்களில் ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் இயங்குவது) வைத்திருப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அதில் சரிசெய்ய ப்ளே கிடையாது. பிளேட் தேயும்போது எஞ்சின் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டு, மேலே ரிசர்வாயரில் திரவ மட்டம் உயரும். பிரேக்கில் நடப்பதற்கு இது நேர் எதிர். மட்டம் குறைந்ததாக நினைத்து விளிம்பு வரை ஊற்றிவிட்டாலோ, லிவர் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை அடைத்துக்கொண்டாலோ, சூடேறும்போது விரியும் திரவத்துக்குப் போக இடமில்லாமல் லிவரைப் பிடிக்காமலேயே கிளட்சை விலக்கத் தொடங்கும். வெளிச்சந்தை லிவர் மாட்டியவர்கள், அது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைச் சிறிதும் தொட்டு அழுத்தாமல் முழுவதும் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.