நீர்க்க நீர்க்க வரைபடம் மேலே ஏறுகிறது, உதவுங்கள்

தேன்துளி: எம்.எஸ்சி. புராஜெக்ட், வெள்ளிக்கிழமை ரிவ்யூ. பாலிமர் கரைசலுக்கு விஸ்காமீட்டரில் (பாகுத்தன்மை, அதாவது விஸ்காசிட்டி அளக்கும் கண்ணாடிக் குழாய்) ஓட்ட நேரம் எடுக்கிறேன். தண்ணீர் 112 நொடி. 100 மில்லிக்கு 0.1 கிராம் போட்டால் 190 நொடி, 0.025 கிராமுக்கு 142. ஸ்பெசிஃபிக் விஸ்காசிட்டியை (தண்ணீரைவிடக் கூடுதலான நேரத்தைத் தண்ணீரின் நேரத்தால் வகுத்தது) செறிவால் வகுத்தால் 0.1-க்கு 7, 0.025-க்கு 10.7 வருகிறது! குறைய வேண்டாமா? மூன்று தடவை செய்துவிட்டேன்.

கண்ணாடிக்குழாய்: என்ன பாலிமர்? என்ன வெப்பநிலை? விஸ்காமீட்டர் ஆஸ்ட்வால்டு வகையா, உபலோடே வகையா?

நீர்த்தொட்டி: வாட்டர் பாத்தை (வெப்பநிலையை நிலையாக வைக்கும் தொட்டி) பாருங்கள். ஒரு டிகிரி நகர்ந்தாலே தண்ணீரின் விஸ்காசிட்டி சுமார் 2 சதவீதம் மாறும். நான் பார்த்த கோளாறுகளில் பாதி பாத்தில்தான்.

கண்ணாடிக்குழாய்: 2 சதவீதம் என்றால் இரண்டு மூன்று நொடிதான். 7-ஐத் தாண்டாமல் இருக்க 142-க்குப் பதில் 131 வந்திருக்க வேண்டும். பாத் மட்டும் காரணமாக முடியாது.

பேராசான்: பாலிமர் பெயரே சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது? நீங்கள் எதிர்பார்க்கும் நேர்கோட்டைத் தரும் ஹக்கின்ஸ் சமன்பாடு எந்த வகைப் பாலிமர் சங்கிலிக்குப் பொருந்தும் என்று முதலில் படித்துவிட்டு வாருங்கள், தம்பி.

தேன்துளி: தம்பி இல்லை ஐயா, பெண். சோடியம் சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்), தண்ணீரில். 30 டிகிரி. ஆஸ்ட்வால்டு.

கூழ்மம்: அப்படியென்றால் உங்கள் அளவீட்டில் தப்பில்லை, தங்கச்சி. சி.எம்.சி. சங்கிலி நெடுக எதிர்மின்னூட்டம் இருக்கிறது. நீர்க்கும்போது சோடியம் அயனிகள் விலகிப் போகின்றன. அவை தந்த மறைப்பு இல்லாமல் சங்கிலியின் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ள, சுருண்ட சங்கிலி விரிந்து நீள்கிறது. அதனால்தான் ஏறுகிறது. 0.1 மோலார் சோடியம் குளோரைடில் கரையுங்கள். நீர்ப்பதும் அதே உப்புக் கரைசலால்தான். வெறும் தண்ணீர் ஊற்றினால் உப்பும் நீர்த்து வரைபடம் மறுபடி வளையும். 112 நொடியையும் மறந்துவிட்டு, உப்புக் கரைசலுக்குப் புதிதாக எடுங்கள். மூலக்கூறு எடையைக் கணக்கிட எடுக்கும் மார்க்-ஹூவிங்க் மாறிலிகளும் அதே உப்பு, அதே வெப்பநிலைக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

நீர்த்தொட்டி: ஆஸ்ட்வால்டை விட்டுவிடுங்கள். அதில் ஊற்றும் அளவு மாறினால் நேரமும் மாறும். உபலோடே என்றால் உள்ளேயே நீர்க்கலாம்.

பேராசான்: பிப்பெட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு எடுக்கத் தெரிந்தால் ஆஸ்ட்வால்டே போதும். முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நீர்த்தொட்டி: கெட்டியான கரைசல் பிப்பெட் சுவரில் ஒட்டுகிறதே ஐயா, அந்தக் குறைவுக்கு என்ன செய்வது?

பேராசான்: வடிய நேரம் கொடுங்கள். உபலோடேவிலும் சரியாகக் கலக்காமல் அளந்தால் அதே பிழைதான்.

தேன்துளி: உப்பு போட்டேன். நேர்கோடு! கோட்டின் சரிவிலிருந்து கிடைத்த ஹக்கின்ஸ் மாறிலி 0.38. ரொம்ப நன்றி கூழ்மம் அண்ணா.

கண்ணாடிக்குழாய்: மகிழ்ச்சி. சி.எம்.சி.யின் டி.எஸ். (ஒரு குளுக்கோஸ் அலகுக்குச் சராசரியாக எத்தனை கார்பாக்சிமெத்தில் தொகுதி) எவ்வளவு? அப்புறம் தேடி வருபவர்களுக்கு உதவும், எழுதிவிட்டுப் போங்கள்.