சூடாக இருக்கும்போது மட்டும் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கும் அவுட்போர்டு எஞ்சின்: கோளாறு எங்கே இருக்கிறது?

கேள்வி: சுக்கான்

என்னிடம் இருப்பது 15 குதிரைத்திறன் கொண்ட இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது). இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே கார்புரேட்டர்தான். கயிற்றை இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெட்ரோல் டாங்க் படகின் தரையில் தனியாக இருக்கிறது. இடையில் ரப்பர் பல்பு கொண்ட குழாய் வழியாக எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிறது.

காலையில் எந்தத் தொல்லையும் இல்லை. பல்பை அழுத்தி, சோக்கை இழுத்துவிட்டு, இரண்டு மூன்று முறை கயிற்றை இழுத்தால் உயிர் பெற்றுவிடும்; எந்த வேகத்திலும் திணறாமல் ஓடும். நன்றாக ஓடிச் சூடேறிய பிறகு, கால் மணி அல்லது அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி இழுக்கும்போதுதான் வம்பு. கை ஓயும்வரை இழுத்தாலும் ஓரிரு முறை இருமுவதோடு சரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட்டுவிட்டால், ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

இரண்டு ப்ளக்குகளையும் புதிதாக மாற்றிவிட்டேன். புதுப் பெட்ரோலில் கையேடு சொல்லும் 50:1 விகிதத்தில் எண்ணெய் கலந்துதான் ஊற்றுகிறேன். ஓடும்போது பக்கவாட்டுத் துளையிலிருந்து குளிர்விக்கும் நீர் வலுவாகப் பீய்ச்சி அடிக்கிறது, ஆகவே அந்த நீரை இறைக்கும் இம்பெல்லர் சரியாக இருப்பதாகவே கருதுகிறேன். சூடாக இருக்கும்போது சோக்கை நான் தொடுவதில்லை. ப்ளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் போய்விட்டது என்று ஒருவரும், கார்புரேட்டரை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். பணத்தைக் கொட்டுவதற்கு முன் கோளாறு எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

பதில்: ஊசிவால்வு

உறுதி செய்துகொள்ள நிச்சயம் வழி உண்டு. ஆனால் அந்தச் சோதனையை எஞ்சின் மறுக்கும் அந்த நேரத்திலேயே, சூட்டோடு சூடாகச் செய்ய வேண்டும். கரைக்கு வந்து, ஆற விட்டு, பட்டறையில் கழற்றிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். சூட்டில் வரும் கோளாறுகளில் பாதி இப்படித்தான் மெக்கானிக்கின் கையில் அகப்படாமல் தப்பிக்கின்றன. ப்ளக் சாவி, ஒரு ஸ்பார்க் டெஸ்டர், ஒரு துணி ஆகியவற்றைப் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் மறுத்ததும் மேலும் மேலும் இழுக்காமல் இரண்டு ப்ளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்று மறக்காமல் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். நுனி பெட்ரோலில் ஊறிப் பளபளத்தால் ஓவர்ஃப்ளோ, அதாவது தேவைக்கு மீறிய பெட்ரோல் உள்ளே போயிருக்கிறது, அல்லது கரன்ட் வராததால் போன பெட்ரோல் எரியாமல் தங்கியிருக்கிறது. அவ்வளவு முறை இழுத்த பிறகும் நுனி காய்ந்திருந்தால், பெட்ரோல் சிலிண்டர்வரை வரவே இல்லை. இந்த ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒரு ப்ளக் மட்டும் நனைந்திருக்கிறதா, இரண்டுமா என்பதையும் கவனியுங்கள். ஒரே கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் கார்புரேட்டர் வழிந்தால் இரண்டும் நனையும். ஒன்று மட்டும் நனைந்து மற்றது ஓரளவு காய்ந்திருந்தால் என் சந்தேகம் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், அதாவது உள்ளிருக்கும் சவ்வு மீது போகும். அந்தப் பம்பு, பிஸ்டனுக்குக் கீழுள்ள அறையான கிராங்க் கேஸில் ஏறி இறங்கும் அழுத்தத்தால் இயங்குவது. சவ்வில் கிழிசல் விழுந்தால், அந்த அழுத்தம் வரும் துளை வழியாகவே பெட்ரோல் நேராக ஒரு சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது கரன்ட். ப்ளக்கை எஞ்சினின் உடலில் சாய்த்துவைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். அதை நான் நம்புவதில்லை. திறந்த வெளியில் ப்ளக்கின் சிறு இடைவெளியைத் தாண்டும் பலவீனமான பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் தாண்டாமல் போகலாம். சி.டி.ஐ. வகை (மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தைக் காயிலுக்கு விட்டுப் பொறி உண்டாக்கும்) எஞ்சினில் டெஸ்டரின் இடைவெளியை ஏறத்தாழ 10 மி.மீ. வைத்து, நீலப் பொறி படீரென்று தாண்டுகிறதா என்று இரண்டு சிலிண்டருக்கும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ப்ளக் இல்லாத துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சிக்கொண்டு வெளிவரும். ஆகவே டெஸ்டரை அந்தத் துளைகளிலிருந்து நன்றாகத் தள்ளிப் பொருத்துங்கள். இரண்டு ப்ளக் வயர்களும் கட்டாயம் எஞ்சின் உடலோடு எர்த் ஆகியிருக்க வேண்டும். எர்த் இல்லாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்தால் சி.டி.ஐ. பெட்டியே பழுதாகக்கூடும்.

கூடவே, நிறுத்தியிருக்கும் நேரத்தில் ரப்பர் பல்பு தொட்டால் எப்படி இருக்கிறது, தளர்வாகவா கல்போலவா என்பதையும், டாங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகை அப்போது எந்த நிலையில் வைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். இரண்டாவதை நான் காரணத்தோடுதான் கேட்கிறேன்.

பதில்: பழைய காந்தம்

மேலே சொன்ன முறை சரியானதே. ஆனால் கேள்வியில் உள்ள அடையாளங்கள் மின்பகுதிக்கும் அப்படியே பொருந்துவதால், அந்தப் பக்கம் பார்க்க வேண்டியதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எஞ்சின் ஓடும்போது குளிர்விக்கும் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தியதும் அது நின்றுவிட, சிலிண்டர் பிளாக்கில் தேங்கியுள்ள சூடு மேல்மூடிக்குள் பரவி, ஓடும்போது இருந்ததைவிடக் கூடுதலான வெப்பத்துக்குக் காயிலையும் சி.டி.ஐ. பெட்டியையும் ஃப்ளைவீலுக்கு அடியில் மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுற்றான ஸ்டேட்டரையும் கொண்டுபோகிறது. காயிலின் மேல்பூச்சிலோ உள்சுற்றிலோ மெல்லிய விரிசல் இருந்தால், குளிர்ந்தபோது ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும்; ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

மல்டிமீட்டரால் அளக்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தாமிரக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். ஆகவே 25 டிகிரியில் 100 ஓம் காட்டிய சுற்று, 85 டிகிரியில் ஏறத்தாழ 123 ஓம் காட்டுவது இயற்கை. கையேட்டில் உள்ள எண் பொதுவாக 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்துக்கானது என்பதை மறந்து, சூடான காயிலை அந்த எண்ணோடு ஒப்பிட்டு நல்ல காயிலைத் தூக்கி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு சீராகச் சற்றுக் கூடியிருந்தால் கவலை வேண்டாம். முள் நிலையில்லாமல் தாவினாலோ, தொடர்பே இல்லை என்று காட்டினாலோதான் குறை.

இரண்டு சிலிண்டரிலும் ஒரே நேரத்தில் கரன்ட் போய்விடுகிறது என்றால் காயிலைத் தொடுவதற்கு முன், இரண்டுக்கும் பொதுவானவற்றைப் பாருங்கள்: நிறுத்தும் பொத்தான், அதனோடு சேர்ந்த பாதுகாப்புக் கயிற்றின் கிளிப், அவற்றிலிருந்து சி.டி.ஐ. பெட்டிக்குப் போகும் வயர், பிறகு ஸ்டேட்டர்.

சுக்கான்:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே, மறுத்த இடத்திலேயே, ஸ்பார்க் டெஸ்டரோடு பார்த்தேன்.

இரண்டு ப்ளக்குகளுமே நன்றாக நனைந்திருந்தன. துணியில் ஒற்றியபோது பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. டெஸ்டரில் இரண்டு சிலிண்டருக்கும் 10 மி.மீ. இடைவெளியைத் தாண்டி நல்ல நீலப் பொறி தவறாமல் வந்தது. பல்பு கல்போல் இறுகியிருந்தது, அமுக்கவே முடியவில்லை. நான் அதை அப்போது அழுத்தியிருக்கவில்லை.

காற்றுத் திருகைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படகு ஆடும்போது பெட்ரோல் சிந்தாமல் இருப்பதற்காக, எஞ்சினை நிறுத்தியதும் அதை இறுக மூடிவிடுவேன், கிளம்பும்போது திறப்பேன். இந்த முறை திறந்தபோது கவனித்துக் கேட்டேன்; உஸ்ஸென்று சற்று நேரம் ஆவி வெளியேறியது. டாங்கின் பக்கங்களும் லேசாகப் புடைத்திருந்தன. டாங்க் வெயிலில்தான் இருக்கிறது.

பதில்: ஊசிவால்வு

அப்படியானால் காயிலை மறந்துவிடுங்கள். உங்கள் எஞ்சின் நின்றுகொண்டிருக்கும்போதே டாங்க் அதற்குப் பெட்ரோல் ஊட்டிக்கொண்டிருக்கிறது.

நடப்பது இதுதான். பெட்ரோலின் இலகுவான பகுதி சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மூடிய டாங்க் வெயிலில் காயும்போது உள்ளே ஆவியின் அழுத்தம் ஏறுகிறது; அந்த அழுத்தம் பெட்ரோலைக் குழாய் வழியாக, பல்பிலும் பம்பிலும் உள்ள ஒருவழி வால்வுகளை எளிதாகத் திறந்துகொண்டு, கார்புரேட்டர்வரை தள்ளுகிறது. அந்த வால்வுகள் பின்னோக்கிப் போவதை மட்டுமே தடுப்பவை. முன்னோக்கிப் போகும் பெட்ரோலுக்கு, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட் திறந்து மூடும் ஊசி வால்வு ஒன்றுதான் காவல். அதுவோ பம்பு தரும் சிறிய அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதை மீறியதும் கிண்ணம் நிரம்பி, ஜெட் என்ற சிறு துளை வழியாகக் கார்புரேட்டரின் கழுத்தில் வழிந்து, கிராங்க் கேஸுக்குள் இறங்குகிறது. கிளம்பும்போது திருகைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுகிறீர்கள், ஆனால் அதற்குள் உள்ளே போக வேண்டியது போயாகிவிட்டது. காலையில் டாங்க் குளிர்ந்திருக்கிறது, எஞ்சினுக்கும் கூடுதல் பெட்ரோல் வேண்டியிருக்கிறது. அதனால் அப்போது தெரிவதில்லை.

எஞ்சின் நின்றதும் குழாயை எஞ்சின் பக்கத்து இணைப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். கிளம்புவதற்கு முன் டாங்கின் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். டாங்கை நிழலில் வையுங்கள். காற்றுத் திருகைத் திறந்தே வைப்பதும் அழுத்தத்தைத் தீர்க்கும்தான். ஆனால் மூடிய இடத்தில் ஆவி தேங்கும் படகுகளில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திருகே இல்லாத, தானாக மூடிக்கொள்ளும் டாங்குகளும் இப்போது பரவலாக இருக்கின்றன. அமெரிக்காவின் 2011ஆம் ஆண்டு ஆவி உமிழ்வு விதிகளின்படி செய்யப்படும் கையடக்க டாங்குகள் 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு) அழுத்தம்வரை மூடியே இருக்க வேண்டும் என்பதால், அவற்றை வைத்திருப்பவர்களுக்குக் குழாயைக் கழற்றும் பழக்கம் இன்னும் அவசியம்.

அதோடு ஊசி வால்வையும் ஒருமுறை சோதியுங்கள், ஏனென்றால் நல்ல ஊசி இவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுக்காது. கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே உள்ள பெட்ரோலைக் கொட்டிவிட்டு, தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் நுழையும் முனையில் சுத்தமான சிறு குழாயை மாட்டி மெல்ல ஊதுங்கள். ஃப்ளோட்டின் எடையால் ஊசி மூடிக்கொண்டு காற்று போகக்கூடாது. நேராகத் திருப்பினால் தாராளமாகப் போக வேண்டும். ஊசியின் ரப்பர் நுனியை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் தட்டும் அளவுக்கு வட்டப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஃப்ளோட் கேஸ்கெட் பரப்புக்கு இணையாக நிற்கிறதா என்பதையும் அப்போதே கையேட்டோடு ஒப்பிட்டுவிடலாம்.

ஓவர்ஃப்ளோ ஆனபின் எஞ்சினை மீட்க வேண்டுமானால், குழாயைக் கழற்றி, சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, நியூட்ரலில் த்ராட்டில் எவ்வளவு திறக்க அனுமதிக்கிறதோ அவ்வளவு திறந்து இழுங்கள். கூடுதலாகப் போகும் காற்று தேங்கிய பெட்ரோலை வெளியே தள்ளிவிடும். பற்றிக்கொண்ட நொடியிலேயே த்ராட்டிலைக் குறைத்து, குழாயை மாட்டிவிடுங்கள்; சுமையில்லாத எஞ்சின் வெறியோடு சுற்றுவது அதற்கு நல்லதல்ல.

பதில்: நாலாம் சுற்று

ஃபோர்-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றினால் திசை மாறிவிடும் என்பதற்காக ஒரு வார்த்தை. ஃப்யூல் இன்ஜெக்ஷன் எஞ்சினில் பெரும்பாலும் வருவது இதற்கு எதிரான கோளாறு: நிறுத்திய பின் ஏறும் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, ஆவி பிரிக்கும் தொட்டியிலும் குழாய்களிலும் குமிழாகத் தங்கிவிடும், ப்ளக் காய்ந்திருக்கும். மேல்மூடியைச் சற்று நேரம் திறந்து ஆறவிட்டு, பல்பை அழுத்தி இறுகச் செய்து, சாவியை ஆன் நிலையில் சில விநாடிகள் வைத்து உயரழுத்தப் பம்பை ஓடவிட்ட பிறகு ஸ்டார்ட் செய்வது உதவும். இன்னொன்று, வால்வு இடைவெளி இறுகிப்போன ஃபோர்-ஸ்ட்ரோக்கில் சூடேறியதும் வால்வு முழுவதுமாக மூடாமல் கம்ப்ரஷன் குறையும். குளிர்ந்தபோது மட்டும் அளந்தால் அது தெரியாது. கம்ப்ரஷனைச் சூடாகவும் அளந்து பாருங்கள்.

சுக்கான்:

கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்து ஊதியபோது காற்று மெல்லக் கசிந்தது. ஊசியின் நுனியில் வட்டப் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது; அது உட்காரும் இடத்திலும் பழுப்பு நிறப் பிசின் படிந்திருந்தது. ஊசி, கேஸ்கெட் இரண்டையும் புதிதாகப் போட்டு, உட்காரும் இடத்தைப் பஞ்சாலும் கார்புரேட்டர் திரவத்தாலும் துடைத்து, ஃப்ளோட்டின் உயரத்தைச் சரிபார்த்து மாட்டிவிட்டேன். இப்போது நிறுத்தும்போதெல்லாம் குழாயைக் கழற்றிவிடுகிறேன், டாங்கின் மேல் தார்ப்பாய் ஒன்றையும் போட்டிருக்கிறேன். அரை மணி நேரம் நிறுத்திய பின்னும் சோக் இல்லாமல், த்ராட்டிலை ஸ்டார்ட் குறியில் வைத்து இழுத்தால் உடனே பற்றிக்கொள்கிறது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். இவ்வளவு நாளும் பெட்ரோல் கிராங்க் கேஸில் வழிந்ததால் பேரிங்குகளுக்குச் சேதம் ஏதும் வந்திருக்குமா?

பதில்: ஊசிவால்வு

வந்திருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்திருப்பதால், வழிந்தது அதையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கிறது. எண்ணெயைத் தனித் தொட்டியிலிருந்து செலுத்தும் எஞ்சினாக இருந்தால், வெறும் பெட்ரோல் எண்ணெய்ப் படலத்தைக் கழுவியிருக்கும் என்று கவலைப்பட்டிருப்பேன். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள். ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் போதும்.