போஸ்ட்டாக் தேடல்: முந்தைய பதிவுக்கு ஒரு புதுப்பிப்பு

போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடித்தபின் செய்யும் தற்காலிக ஆய்வு வேலை, தேடுகிறவர்கள் பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பக்கத்தைத் தினமும் பாருங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. சில விளம்பரங்களுக்கு ஆள் ஏற்கெனவே மனதில் இருக்கும், விதிக்காகப் போடுவார்கள்.

எந்தப் பேராசிரியரிடம் ஆய்வு நிதி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் உயிர்மருத்துவத் துறை என்றால், என்ஐஎச் ரிப்போர்ட்டர் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் நிதி தரும் ஆய்வுத் திட்டங்களின் பட்டியல்) தளத்தில் பேராசிரியர் பெயரைத் தட்டினால் போதும். திட்டம் தொடங்கிய தேதி, முடியும் தேதி இரண்டும் வரும். தொடங்கி 6 மாதம்தான் ஆகிறதா, உடனே எழுதலாம். இன்னும் 8 மாதத்தில் முடிகிறதென்றால் அவருக்கே அடுத்த நிதி பற்றிய கவலை இருக்கும்.

மின்னஞ்சல் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம். "தங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்" என்பதை யாரும் படிப்பதில்லை. "உங்கள் எலிக் கல்லீரல் தரவில் ஒற்றைச் செல் பகுப்பாய்வை என்னால் செய்து தர முடியும்" மாதிரி ஒரு வரி எழுதுங்கள். சிவி கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். பதில் வராவிட்டால் 10 நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

ஐரோப்பிய ஒன்றியம் போஸ்ட்டாக் ஆய்வாளர்களுக்குத் தரும் மேரி கியூரி ஃபெலோஷிப்பை நம்புகிறவர்கள் கவனிக்க: விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் போகவிருக்கும் நாட்டிலேயே வசித்திருந்தால் தகுதி போய்விடும். விண்ணப்பத்தைப் பேராசிரியரோடு சேர்ந்து எழுத வேண்டியிருக்கும். 4 மாதம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள்.