லண்டனில் மூன்று மாலை நாடகம்: எந்த அரங்கில் எந்த சீட்?

கேள்வி: பயணமூட்டை

செப்டம்பரில் லண்டனில் மூன்று மாலைகள் கையில் இருக்கின்றன. பெரிய நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் பெரிய மியூசிக்கல் (பாட்டும் நடனமுமான நாடகம்) ஒன்று, இருநூறு முந்நூறு பேர் உட்காரும் சின்ன அரங்கில் ஒரு நாடகம், ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கைப் போலக் கட்டிய குளோப்பில் ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம் என்று திட்டம். அம்மாவும் உடன் வருகிறார். வயது 68, மூட்டுவலி. ஒரு மாடிக்கு மேல் படி ஏறுவது கஷ்டம். சீட் படத்தைத் திறந்தால் ஸ்டால்ஸ், டிரெஸ் சர்க்கிள், அப்பர் சர்க்கிள் என்று தலை சுற்றுகிறது. விலை கூடிய சீட்டில்தான் நன்றாகத் தெரியுமா? டிக்கெட்டை எங்கே வாங்குவது?

கடைசிவரிசை

பெயர்க் குழப்பம் முதலில். ஸ்டால்ஸ் என்றால் கீழ்த்தளம். அதற்கு மேல் டிரெஸ் சர்க்கிள் (சில அரங்குகளில் ராயல் சர்க்கிள்), அதற்கும் மேல் அப்பர் அல்லது கிராண்ட் சர்க்கிள், உச்சியில் பால்கனி. நம் சினிமா கொட்டகைப் பழக்கத்தில் பால்கனி என்றதும் உசத்தி டிக்கெட் என்று எடுத்துவிடாதீர்கள். இங்கே அது கூரைக்கு அடுத்த வீடு. படி செங்குத்து, முழங்கால் முன்சீட்டில் இடிக்கும், வெக்கையெல்லாம் மேலே போய்ச் சேரும்.

விலையை நம்பி எடுத்தால் மூன்று இடத்தில் ஏமாறலாம். ஒன்று, ஸ்டால்ஸின் பின்வரிசைகள். தலைக்கு மேல் டிரெஸ் சர்க்கிளின் அடிப்பாகம் நீண்டு வந்து மேடையின் மேல்பாதியை வெட்டிவிடும். நடிகர்கள் தெரிவார்கள், ஆனால் மியூசிக்கலில் செட்டின் உச்சியில் நடப்பது, மேலிருந்து இறங்குவது எதுவும் தெரியாது. அடுத்தது, ஸ்டால்ஸின் முதல் இரண்டு வரிசை. மேடை உயரமாக இருந்தால் ஆடுபவர்களின் பாதம் மறையும். நடன நாடகத்துக்கு அது பெரிய நஷ்டம். மூன்றாவது, ஓரச் சீட்டுகள். எந்தப் பக்கம் உட்காருகிறீர்களோ அந்தப் பக்கத்து மேடை மூலை போய்விடும்.

தூண் இன்னொரு தொல்லை. 1890களில் எஃகு உத்தரத்தை முன்னே நீட்டி மாடத்தைத் தாங்கும் முறை பரவியபிறகுதான் தூண்கள் குறைந்தன. அதற்கு முந்தைய கட்டடம் என்றால் சீட் படத்தில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். 'பார்வை மறைப்பு உள்ள இருக்கை' என்று போட்டிருந்தால் மறைப்பது தூணா, கைப்பிடிக் கம்பியா, விளக்கா என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். சீட்பிளான் தளத்தில் அந்தந்த இருக்கையிலிருந்து பார்வையாளர்கள் எடுத்த படங்கள் கிடைக்கும். கம்பி மட்டும்தான் என்றால் அது லாபமான டிக்கெட்.

அம்மாவுக்காக முக்கியமாக ஒன்று. ஸ்டால்ஸ் என்றால் தெருமட்டம் என்று எண்ண வேண்டாம். பழைய அரங்குகள் பலவற்றில் வாசல் டிரெஸ் சர்க்கிள் மட்டத்தில் இருக்கும். ஸ்டால்ஸுக்குப் படி இறங்க வேண்டும், இடைவேளையில் மறுபடி ஏற வேண்டும். 1874இல் கட்டிய கிரைட்டீரியன் அரங்கு முழுவதுமே பிக்கடில்லி சர்க்கஸுக்கு அடியில், பாதாளத்தில் இருக்கிறது. ஆகவே சீட்டை முடிவு செய்யும் முன் வாசலிலிருந்து எத்தனை படி என்று கேளுங்கள். பெரும்பாலான பெரிய அரங்குகளில் நடமாட்ட உதவி தேவைப்படுபவர்களுக்கென்று தனி முன்பதிவு வசதி உண்டு.

சவுத்பாங்க்வாசி

சின்ன அரங்குகளைப் பற்றி நான் சொல்லுறன். அங்கை சீற் பிரச்சினை குறைவு, ரிக்கற் கிடைக்கிறதுதான் பெரும்பாடு. கொவென்ற் கார்டன் பக்கம் இருக்கிற டொன்மார் வெயர்ஹவுஸிலை மொத்தமே 251 இருக்கை. இஸ்லிங்டன் அல்மெய்டாவிலை 325. பேரெடுத்த நடிகர் ஒராள் நடிக்கிறார் எண்டால் அரங்கின்ரை உறுப்பினர்களுக்கே பெரும்பகுதி போயிடும். அதுக்காக மனம் விடாதேங்கோ. வாங்கின ஆக்கள் திருப்பிக் குடுக்கிற ரிக்கற் கடைசி நாள் வரை வந்துகொண்டே இருக்கும். காலமையும் பின்னேரமும் தியேட்டரின்ரை சொந்தத் தளத்தைத் திறந்து பாருங்கோ.

டொன்மாரிலை மேடையை மூண்டு பக்கமும் சனம் சுத்தி இருக்கும். பக்கத்துச் சீற்றிலை இருந்தால் அப்பப்ப நடிகரின்ரை முதுகுதான் தெரியும், ஆனால் எதிரிலை நிக்கிறவரின்ரை முகம் உங்களுக்குத்தான் கிட்ட. நான் அதைக் குறையாச் சொல்லமாட்டன்.

இரண்டு விசயத்தைக் கட்டாயம் பார்க்கோணும். சின்ன அரங்கு நாடகங்கள் கனக்க, 90 நிமிசம் இடைவேளை இல்லாமல் ஓடும். அப்பிடியெண்டால் உள்ளை போக முதல் கழிப்பறைக்குப் போட்டு வாங்கோ. நடுவிலை எழும்பினால் திரும்ப உள்ளை விடாமலும் விடலாம். சில இடங்களிலை மேடையோரத்தாலைதான் சீற்றுக்குப் போகோணும், அதாலை பிந்தி வாறவைக்கு ஒண்டும் செய்யேலாது. 7.30 எண்டால் 7.10க்கு உள்ளை நிக்கப் பாருங்கோ.

பப்புக்கு மேல்மாடியிலை இருக்கிற குட்டி அரங்குகளுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. ஒடுங்கின படி, சீற் இலக்கமும் இராது, முந்தினவருக்குத்தான் நல்ல இடம். அதுக்குப் பதிலா நேஷனல் தியேட்டரிலை டோர்ப்மன் அரங்கைப் பாருங்கோ. ஏறக்குறைய 400 பேர்தான், லிப்ட் இருக்கு. அதே கட்டடத்திலை ஒலிவியர் பெரிசு, ஆயிரத்துக்கு மேலை. விசிறி மாதிரி விரிச்சுக் கட்டினபடியாலை ஓரத்திலை இருந்தும் வடிவாத் தெரியும். அடுத்த கிழமை ரிக்கற்றிலை கொஞ்சத்தை வெள்ளிக்கிழமை மத்தியானம் 1 மணிக்கு மலிவா விடுவினம்.

மரப்பலகை

குளோப் தனி ரகம். 1997இல் திறந்தது, நடுமுற்றத்துக்குக் கூரை கிடையாது. முற்றத்தில் சுமார் 700 பேர் நின்று பார்க்கலாம், லண்டனின் மலிவான டிக்கெட்டுகளில் அதுவும் ஒன்று. ஆனால் நாடகம் நடக்கும்போது தரையில் உட்கார விடமாட்டார்கள், மழை வந்தாலும் குடை விரிக்கக் கூடாது, நாடகமும் நிற்காது. மழைக்கோட்டு மட்டும்தான் கதி. இரண்டரை, மூன்று மணி நேரம் நிற்க அம்மாவால் முடியாது, எனவே மாடங்களில் எடுங்கள்.

மாடத்திலும் இருப்பது முதுகுசாயாத மரப்பலகை. கடைசி வரிசையில் எடுத்தால் பின்சுவரில் சாய்ந்துகொள்ளலாம். முதுகுவலிக்காரர்களுக்கு முன்வரிசையைவிட அதுதான் சரி. மெத்தை வாடகைக்குக் கிடைக்கும், யோசிக்காமல் வாங்குங்கள். மேடையில் இரண்டு பெருந்தூண்கள் உண்டு. மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கும் மாடங்களில் அவை அதிகம் மறைக்கும். மேடைக்கு நேரெதிர் கீழ்மாடம் கிடைத்தால் விடாதீர்கள். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கும், அதற்கு டிக்கெட் தனியாகக் கிடையாது.

இதே வளாகத்தில் 2014இல் திறந்த சாம் வனமேக்கர் அரங்கு உள்ளரங்கம், சுமார் 340 பேர், வெளிச்சம் மெழுகுவர்த்தி. அழகு. ஆனால் மேல்மாடத்தில் உட்கார்ந்தால் தொங்கும் மெழுகுவர்த்திக் கொத்துகளே பார்வையை மறைக்கும், இடமும் நெருக்கடி.

பயணமூட்டை

மூவருக்கும் நன்றி. ஒரு மியூசிக்கலுக்கு டிரெஸ் சர்க்கிள் முதல் வரிசை நடுவில் காலியாக இருக்கிறது. அம்மா ஐந்தடிக்கும் குறைவு. எடுத்துவிடலாமா?

கடைசிவரிசை

வேண்டாம். பல அரங்குகளில் முதல் வரிசைக்கு முன்னால் பாதுகாப்புக் கம்பி ஓடும். குள்ளமானவர்களுக்கு அது நேராகக் கண்மட்டத்தில் வரும். முன்னே குனிந்தால் கம்பிக்கு அடியில் தெரியும், பின்னாலிருப்பவருக்கு மறையும், சண்டை வரும். கைப்பிடிச் சுவர் இருப்பதால் கால்நீட்டவும் இடம் குறைவு. அதே சர்க்கிளில் மூன்றாவது நான்காவது வரிசை, நடைபாதையை ஒட்டிய சீட் எடுங்கள். வரிசைக்கு வரிசை தரை நன்றாக உயர்வதால் முன்னாலிருப்பவர் தலை அவ்வளவாக மறைக்காது. முழங்காலைப் பாதைப் பக்கம் நீட்டிக்கொள்ளலாம்.

வாங்குவது அரங்கின் சொந்தத் தளத்தில். அன்றைய தள்ளுபடி வேண்டுமென்றால் லெஸ்டர் ஸ்கொயர் சதுக்கத்துக்குள் நிற்கும் டிகேடிஎஸ் சாவடி. அதைச் சுற்றிய கடைகளில் 'பாதி விலை' பலகை தொங்கினால் அது வேறு ஆள். நட்சத்திர நடிகருக்காகப் போகிறீர்கள் என்றால் அவர் எந்தெந்த நாள் நடிக்கமாட்டார் என்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அவர் வராத இரவுக்குப் பணம் பெரும்பாலும் திரும்பாது.

சவுத்பாங்க்வாசி

இன்னொண்டு. நாடகம் முடிய பத்து, பத்தரை ஆகும். விடிய விடிய ஓடுற ரியூப் (நிலத்தடி ரயில்) வெள்ளி, சனி இரவுகளிலை மட்டும்தான், அதுவும் விக்ரோரியா, ஜூபிலி, சென்ற்ரல், நோர்தேண், பிக்கடில்லி லைன்களிலை. மற்ற நாளிலை நடுச்சாமத்தோடை கடைசி ரயில் போயிடும். அம்மாவுக்கு இரவு அலைச்சல் சரிவராது எண்டால் மேட்னி எடுங்கோ. கனக்கப் பெரிய அரங்குகளிலை புதன் அல்லது வியாழன், பிறகு சனி, 2.30க்கு.