கஷ்ட காலத்தில் உங்களைப் பிடித்துக்கொண்ட வேதப்பகுதி (பைபிள் பகுதி) எது? புனைபெயரில் சிலர் எழுதிய பதில்கள்:

காலைதோறும்
புலம்பல் 3. கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற 23ஆம் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முன்னால் இருப்பதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எருசலேம் விழுந்து கிடக்கிறது, அதைப் பார்த்து ஒருவன் புலம்புகிறான். 16ஆம் வசனத்தில் பருக்கைக் கல்லால் பல் நொறுங்குகிறது. 18இல் நம்பிக்கையே போயிற்று என்கிறான். அந்த வாயிலிருந்துதான் ஐந்தே வசனத்தில் 23 வருகிறது. அதோடு முடிந்துவிடவும் இல்லை. 44இல் மறுபடி, ஜெபம் நுழைய முடியாதபடி மேகத்தால் மூடிக்கொண்டீர் என்று முறையிடுகிறான். நம்பிக்கை வந்த பிறகும் அழலாம் என்று காட்டிய அதிகாரம் இது.

சிறையிருப்பு
எரேமியா 29:11, உங்கள்மேல் நான் வைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்று தேவன் சொல்லும் வசனம். துக்கத்தில் இருப்பவர் கையில் இந்த ஒரு வசனத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அதுதான் வருத்தம். பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. திரும்பி வர 70 வருஷம் ஆகும் என்கிறது 10ஆம் வசனம். கேட்டவர்களில் பலர் திரும்பிப் போக உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். ஆகவே 5ஆம் வசனத்திலிருந்து படியுங்கள்: வீடு கட்டு, தோட்டம் போடு, அதன் கனியைச் சாப்பிடு. அடுத்த மாதமே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்து உடைந்துபோகிறவர்களுக்கு 11ஐவிட இந்த 5தான் உதவும்.

சூரைச்செடி
சிறையிருப்பு பிரதர், முழுசாகப் படி என்பதெல்லாம் தெம்பு இருப்பவருக்குச் சரி. 1 இராஜாக்கள் 19ஐப் பாருங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறான். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர், தூக்கம். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. தேவனுடைய மலையான ஓரேபுக்கு நாற்பது நாள் நடந்ததும், தேவன் கேள்வி கேட்டதும் அதற்குப் பிறகுதான். முதலில் சாப்பிடட்டும், தூங்கட்டும். அன்றைக்கு ஒரு வசனம் போதும்.

எதுவரைக்கும்
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். படிக்கவே முடியாத நாட்களுக்குச் சங்கீதம் 13 வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" நாலு தடவை வரும். அதை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் ஓட்டினால் மனசு வேறெங்கோ போய்விடும். 3, 4 விண்ணப்பம். அங்கே உங்கள் காரியத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 5இல் நம்பிக்கை பேசும். அது உங்கள் வாயில் வரவில்லையென்றால் 4ஓடு நிறுத்துங்கள், நாளைக்கும் அங்கிருந்தே தொடங்கலாம். வராததை வந்ததுபோல் சொல்லப்போய்த்தான் பலருக்கு ஜெபமே கசந்துவிடுகிறது. கடைசிவரை இருட்டாகவே முடிகிற 88ஆம் சங்கீதமும் வேதத்தில்தானே இருக்கிறது!

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை வாக்குத்தத்தமாக எடுக்காதீர்கள். சாபம் சொல்கிற பகுதியில் விரல் பட்டால் அந்தப் பயம் லேசில் போகாது. ஒரு வருஷ வாசிப்புத் திட்டத்தையும் இப்போது ஆரம்பிக்க வேண்டாம். சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் நின்றுபோகும், குற்ற உணர்வு மிஞ்சும். விட்டுப்போன நாளைச் சேர்த்துப் படிக்கவும் வேண்டாம், இன்றையது போதும்.

தூக்கமே இல்லை, சாகத் தோன்றுகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு ஜெபம் மட்டும் போதும் என்று பவுல் எழுதவில்லை, கொஞ்சம் திராட்சரசமும் குடி என்றுதான் எழுதினார்.

காலைதோறும்
சூரைச்செடி சொல்வது சரி, ஒரு வசனம் போதும். ஆனால் அந்த ஒன்றை யார் கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். எல்லாவற்றையும் இழந்த யோபின் சிநேகிதர், அவனைக் குற்றம் சொல்லத் தொடங்குமுன் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்.

மனரம்மியம்
பிலிப்பியர் 4:13ஐ யாரும் சொல்லவில்லையே? எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்று எழுதிய பவுல் விலங்கில் இருந்தார். அந்த "எல்லாம்" எது என்று 12ஆம் வசனம் சொல்கிறது: பட்டினியும் திருப்தியும், குறைவும் நிறைவும். பரீட்சையில் ஜெயிப்பது பற்றிய பேச்சே அங்கில்லை. அடுத்த வசனத்தையும் விடாதீர்கள். நீங்கள் என் உபத்திரவத்தில் பங்கெடுத்தது நல்லது என்கிறார். 18இல் பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அனுப்பிய உதவி வந்து சேர்ந்ததையும் எழுதுகிறார்.