திருமணத்திற்கு முந்தைய சனிக்கிழமை: ஜார்ஜ் டவுன் இரவுத் திட்டம்

குழு: பீடோங் பெரிய வீடு (கெடா, மலேசியா)

செவ்வாய்க்கிழமை

சின்ன அண்ணன், இரவு 8.05
அனைவருக்கும் வணக்கம். திருமணத்திற்கு முந்தைய சனிக்கிழமை இரவை பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கழிக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். லவ் லேனில் ஒரு மதுக்கூடத்தில் மேசையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். குடும்பத்திலிருந்து யார் யார் வருகிறீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மாமா, இரவு 8.21
தம்பி, இளையவர்கள் மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள். நான் குடியை விட்டுவிட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் தயங்கித் தயங்கிக் குடிப்பதும், நான் ஒரு கோலாவை வைத்துக்கொண்டு எப்போது கிளம்பலாம் என்று காத்திருப்பதும் இரு பக்கமும் சங்கடம். அன்று நான் மண்டபத்து வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தை, இரவு 8.24
அவர் சொல்வது சரிதான், தம்பி. வற்புறுத்த வேண்டாம்.

பெரிய அண்ணி, இரவு 8.47
மாமா, அத்தை, இருவரும் என்னை மன்னிக்க வேண்டும். இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். தாலி கட்டும் நாளில் முன்வரிசையில் நிற்க வேண்டிய தாய்மாமனை, அதற்கு முந்தைய கொண்டாட்டத்திலிருந்து மட்டும் விலக்கி வைப்பது எப்படிச் சரியாகும்? வீட்டில் இருந்துவிடுங்கள் என்று மாமாவிடம் யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் மேசையை முதலில் மதுக்கூடத்தில் பிடித்துவிட்டு, பிறகு யார் வருகிறீர்கள் என்று கேட்டால், கேள்விக்குள்ளேயே அந்தப் பதில் இருக்கிறது. தம்பி, உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் குடியிருந்துகொண்டு, ஒரு சொட்டு மதுவும் இல்லாமல், நள்ளிரவு தாண்டியும் அந்த நகரத்தில் சுற்றித் திரிகிறவர்கள் நாங்கள். பினாங்கின் இரவு மதுக்கூடத்தின் கதவுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியேதான் அதிகம் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சின்ன அண்ணன், இரவு 8.55
அண்ணி, மாமா இல்லாமல் போக எனக்கும் மனம் இல்லை. ஆனால் நண்பர்களிடம் குடிக்காதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

பெரிய அண்ணி, இரவு 9.18
யாரையும் தடுக்க வேண்டாம். இரவைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள், அது போதும். மதுக்கூடத்தில் உட்கார்ந்தால் நான்கு மணி நேரமும் ஒரே நாற்காலியில்தான்; கிண்ணத்தில் கடலை, கையில் கோப்பை, அது காலியானால் அடுத்த கோப்பை, வேறு வேலை இல்லை. பினாங்குக்காரர்கள் அப்படி ஓரிடத்தில் உட்கார்ந்து இரவைக் கழிப்பதில்லை. ஓரிடத்தில் கொஞ்சம் சாப்பிடுவார்கள், நடப்பார்கள், இன்னோரிடத்தில் வேறொன்றைப் பகிர்ந்துகொள்வார்கள், மறுபடியும் நடப்பார்கள். அந்த நடையில்தான் பேச்சு வளரும்.

நான் நினைப்பது இதுதான். வெளிச்சம் இருக்கும்போதே பினாங்கு ரோட்டை ஒட்டிய கெங் குவீ தெருவில் சென்டோல் (தேங்காய்ப்பால் ஊற்றிய ஐஸ் இனிப்பு) சாப்பிட்டுவிட வேண்டும். 1936 முதல் இருக்கும் வண்டிக்கடை அது, இரவு வரைக்கும் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. பிறகு லிட்டல் இந்தியா. பாசார் தெருவிலும் பினாங்கு தெருவிலும் விளக்கு எரியத் தொடங்கி, பாட்டுக் கடைகளும் பூக்கடைகளும் நிறைந்திருக்கும் நேரத்தில் நடப்பதே ஒரு திருவிழா. குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் மாப்பிள்ளை ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளட்டும். அத்தைக்குச் சனிக்கிழமை சைவம் என்பதால் இரவுச் சாப்பாட்டை அங்கேயே வாழையிலையில் வைத்துக்கொள்ளலாம். அதன்பின் பாடாங் கோத்தா பக்கம் கடற்காற்று வாங்கிக்கொண்டு ஒரு தட்டு பசெம்பூர் (பொரித்த பண்டங்களும் காய்கறியும் கலந்து குழம்பு ஊற்றியது). பசி மறுபடி எடுக்கும் நேரத்தில் சூலியா தெருவின் தள்ளுவண்டிகள். கடைசியாக நாசி கண்டார், பல குழம்புகள் கலந்து ஊற்றிய சோறு. இத்தனைக்கும் நடுவில் மதுக்கூடத்துக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று உங்கள் நண்பர்களே கேட்பார்கள்.

பெரிய அண்ணன், இரவு 9.26
பாதி நடையில் சியூ ஜெட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது கடல்மேல் தூண்களில் நிற்கும் வீடுகளில் சீனக் குடும்பங்கள் வசிக்கும் இடம். இரவு முற்றுவதற்குள் அங்கிருந்து வந்துவிட வேண்டும்; குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும்.

பெரியப்பா, இரவு 9.50
மருமகள் எழுதியதைப் படித்தேன். நாம் வசிக்கும் இந்த ஊரின் கதையைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். 1947-இல் இதே பீடோங்கில், ஹார்வர்ட் தோட்டத்துத் தொழிலாளர்களும் தொண்டர் படையினரும் தோட்டத்துக் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். காவல்துறையோடு மோதல் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. அதற்கு முன்பே 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்திலும், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கை இருந்தது. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துப் பெற்ற சம்பளம் தோட்டத்து எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போவதை அந்த மக்கள் கண்கூடாகப் பார்த்தார்கள். படிப்பு அதிகம் இல்லாத அவர்கள் அதை ஓர் உரிமைப் பிரச்சினையாகப் புரிந்துகொண்டது எனக்கு எப்போதும் பெருமிதமாக இருக்கிறது. பிறகு கள்ளின் இடத்தைச் சம்சு என்ற மலிவான சாராயம் பிடித்துக்கொண்டது. அதனால் நம் தோட்டத்து லய வீடுகளில் எத்தனை குடும்பங்கள் குலைந்தன என்பதை நான் எழுத வேண்டியதில்லை. மச்சான் குடியை விட்டதைத் தனிமனித விஷயமாக மட்டும் நான் பார்க்கவில்லை. அவரை நம்மோடு நடுவில் உட்கார வைத்துக் கொண்டாட வேண்டும்.

மாமா, இரவு 10.14
அத்தான், உங்கள் சொற்களுக்கு நன்றி. இவ்வளவு தூரம் பேசியபின் நானும் மனம் திறந்து எழுதுகிறேன். நடுவில் உட்கார வைத்துக் கொண்டாடுவதுதான் எனக்குக் கடினம். மாமா குடிப்பதில்லை, அவருக்கு வேறு ஏதாவது கொண்டு வாருங்கள் என்று ஒருவர் உரக்கச் சொன்னால், மேசையில் இருக்கும் அத்தனை கண்களும் என் பக்கம் திரும்புகின்றன. அடுத்து ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் கொண்டாட்டத்தின் சுருதி இறங்கிவிடும். சொல்லாவிட்டால் ஒரு கோப்பைதானே என்று யாராவது நீட்டுவார்கள். என் அனுபவத்தில் ஆபத்தான நேரம் தொடக்கம் அல்ல. சாப்பிட்டு முடித்து, பேச்சு தளர்ந்து, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது கை வெறுமையாக இருக்கிறதே, அந்த நேரம்தான். கையில் ஏதாவது ஒரு குவளை இருந்தால் யாரும் எதையும் நீட்டுவதில்லை. கிளம்ப வேண்டும் என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் கிளம்பும் வழி இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நான் எந்தக் கூட்டத்திலும் உட்காருவேன்.

பெரியப்பா, இரவு 10.20
புரிந்தது, மச்சான். நடுவில் வேண்டாம், எனக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

பெரிய அண்ணன், இரவு 10.41
மாமா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கே உட்கார்ந்தாலும் முதல் வேலையாக எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பானம் சொல்லிவிடுகிறேன். தனியாக உங்களுக்கென்று யாரும் கேட்க மாட்டார்கள். பினாங்கில் இதற்குக் குறையே இல்லை. அசாம் போய் என்ற உப்புப் புளிப்பு உலர்பழம் போட்ட அம்ரா பழச் சாறு இருக்கிறது, ஜாதிக்காய் சாறு இருக்கிறது, தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீர் இருக்கிறது. உங்களுக்குச் சர்க்கரையும் உண்டு என்பதால் எதைச் சொன்னாலும் கூராங் மானிஸ், அதாவது இனிப்பு குறைவாக, என்று சேர்த்தே சொல்வேன். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீர் என்றால் கவலையே இல்லை. குடியை விட்டவர்கள் பலர் இனிப்புப் பானங்களின் பக்கம் போய்விடுகிறார்கள். அதையும் நாம் கவனிக்க வேண்டும்.

வழியில் நண்பர்கள் ஏதாவது மதுக்கூடத்தில் சிறிது நேரம் உட்காரலாம் என்றால், அங்கும் நல்ல மாக்டெயில் (மதுவில்லாக் கலவைப் பானம்) கிடைக்கிறது. பட்டியலில் இருக்கும் சர்க்கரைப் பாகுத் தண்ணீரைச் சொல்லாமல், மது இல்லாமல், இனிப்பைக் குறைத்து, அசாம் (புளி), செராய் (எலுமிச்சைப் புல்), இஞ்சி போட்டுப் புளிப்பும் காரமும் தூக்கலாகச் செய்து தர முடியுமா என்று கலக்குபவரிடமே கேட்க வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் அதை விருப்பத்தோடு செய்கிறார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை. மாக்டெயில் என்று பெயர் இருந்தாலும் சில கலவைகளில் மணத்துக்காகச் சில துளி பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு விடுவதுண்டு. அந்தச் சிறிய குப்பிகளில் பெரும்பாலானவை மதுச் சாரத்தில் செய்யப்படுபவை. பரவலாகக் கிடைக்கும் அங்கோஸ்டுராவில் 44.7 விழுக்காடு மதுச் சாரம். திராமிசு போன்ற சில இனிப்புகளிலும் ரம் சேர்ப்பார்கள். கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது.

நான், இரவு 10.49
மதுச் சாரம் நீக்கிய பீர் இப்போது கடைகளில் கிடைக்கிறதே, மாமாவுக்கு அது உதவுமா?

மாமா, இரவு 10.58
அக்கறையோடு கேட்கிறாய், பாப்பா. சிலருக்கு உதவலாம். எனக்கு வேண்டாம். அதே நிறம், அதே நுரை, அதே வாசனை. நாக்கு பழைய இடத்துக்குப் போய் நின்றுகொள்ளும். ஜாதிக்காய் சாறு எனக்குப் போதும், அதுவும் பழுப்பு நிறத்தில் காய்ச்சியது அல்ல, புதுக்காயில் அடித்த வெள்ளைச் சாறு.

புதன்கிழமை

சின்ன அண்ணன், காலை 7.12
நேற்றைய செய்திகளை எல்லாம் இப்போதுதான் முழுமையாகப் படித்தேன். லவ் லேன் மேசையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நண்பர்களில் இருவர் முகம் சுளித்தார்கள். இரவு பதினொன்றரைக்கு மேல் விரும்புகிறவர்கள் தாங்களாகவே எங்கு வேண்டுமானாலும் போகலாம், அதுவரை என் குடும்பத்தோடு இருங்கள் என்று கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்கள். மாமா கேட்ட இரண்டாவது விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். எப்படிப் போவது, எப்படித் திரும்புவது?

பெரிய அண்ணி, காலை 7.40
மாமா, அத்தை, பெரியப்பா மூவரும் சுங்கைப்பட்டாணியில் கொமுட்டர் ரயில் ஏறிப் பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் தீவுக்கு வரட்டும். மாலை வெயில் சாயும் நேரத்தில் அந்தக் கடல் பயணத்துக்கு ஈடாக ஒரு மதுக்கூடமும் இல்லை. திரும்பும்போது ரயிலை நம்ப வேண்டாம். நம் சாப்பாடு முடிவதற்குள் அது போய்விடும். இளையவர்கள் பாலத்தின் வழியாக இரண்டு கார்களில் வந்தால், அதில் ஒன்றை மாமாவின் வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். அவர் எப்போது எழுகிறாரோ அப்போது அது கிளம்பும். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

நான், காலை 7.52
அந்தக் காரை நான் ஓட்டுகிறேன். எனக்கு இருபது வயதுதான் ஆகிறது; 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். எனவே அந்தப் பொறுப்புக்கு நான்தான் பொருத்தமானவள். இன்னொரு காரை ஓட்டுபவரும் ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது என்பது என் வேண்டுகோள். 2020 அக்டோபரில் வரம்பை இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். குடித்துவிட்டு ஓட்டி உயிர்ச்சேதம் ஏற்படுத்தினால் முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டுகள் சிறை, 50,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம். திருமணத்துக்கு முந்தைய வாரத்தில் நம் வீட்டுக்கு அப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வரக் கூடாது.

பெரிய அண்ணன், காலை 8.03
இன்னொரு காரை நான் ஓட்டுகிறேன். நான் குடிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாமா, மதியம் 12.35
காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். வருகிறேன். அத்தையும் வருகிறாள். ஒரே ஒரு விருப்பம். நாசி கண்டாரைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். அந்த நேரத்தில் என் மருந்தும் வயிறும் ஒத்துழைக்காது. நீங்கள் வாழையிலையில் சாப்பிடும்போது நானும் அத்தானும் கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியாவுக்கு நடந்துபோய் வருகிறோம். 1907 முதல் நடக்கும் கடை. நான் பிறையில் வேலை பார்த்த காலத்தில் சம்பளம் வாங்கிய அன்று அங்கே சாப்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று அத்தை இன்றும் சொல்வாள்.

பெரியப்பா, மதியம் 12.41
நான் தயார், மச்சான். குழம்பு கலந்து ஊற்றச் சொல்வோம்.

சின்ன அண்ணன், மாலை 6.20
மாமா வருவதாகச் சொன்னதும் எனக்குப் பாதிக் கல்யாணம் முடிந்ததுபோல் இருக்கிறது. இன்னொரு செய்தியும் இருக்கிறது. கூலிமில் என்னோடு வேலை செய்யும் மலாய் முஸ்லிம் நண்பர்கள் ஐவரை நான் இதுவரை அழைக்கவில்லை. மதுக்கூடத்துக்குக் கூப்பிட்டு அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருந்தேன். இன்று மதிய இடைவேளையில் புதிய திட்டத்தைச் சொன்னேன். ஐவரும் வருகிறார்கள். சூலியா தெருவின் சில வண்டிகளில் பன்றி இறைச்சி இருக்கும் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் மாற்ற வேண்டும்.

பெரிய அண்ணி, மாலை 6.34
மிக்க மகிழ்ச்சி, தம்பி. அப்படியென்றால் சூலியா தெருவை விட்டுவிட்டு, பாடாங் கோத்தாவிலேயே கொஞ்சம் அதிக நேரம் உட்காருவோம். பசெம்பூரும் தே தாரிக் தேநீரும் எல்லோருக்கும் ஆகும். வாழையிலைக் கடையில் நீளமான மேசை இரண்டு வேண்டும், இப்போதே சொல்லி வைக்கிறேன். யார் யாருக்குச் சைவம் என்று இன்றிரவுக்குள் எழுதிவிடுங்கள்.

அத்தை, மாலை 6.36
எனக்குச் சைவம், அம்மா. பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் கணக்கில் இலை வேண்டாம்.